திருகோணமலையில் பழைய நூல்கள் விலைக்கு வந்திருக்கின்றன, காசு சேர்க்கலாமா?

உப்புவெளியான் | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வருகிறேன். எங்கள் வாசகசாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீடு விற்பனைக்கு வருகிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், போன வருடம் காலமானார். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். வீட்டு அலுவல்களை முடித்துக் கொடுக்க மகள் மட்டும் வந்து நிற்கிறார். இரண்டு அலுமாரிகளில் ஏறக்குறைய 140 புத்தகங்கள். கொழும்பிலிருந்து பழைய புத்தக வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றரை இலட்சம் ரூபாய் பேசியிருக்கிறார். "அதே காசை ஊர் தந்தால் ஊருக்கே கொடுக்கிறேன், இரண்டு கிழமை பொறுக்கிறேன்" என்கிறார் மகள்.

நேற்று இரண்டு மணி நேரம் இருந்து பார்த்தேன். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் பதிப்பித்த கலித்தொகை இருக்கிறது. மட்டை போய்விட்டது, உள்ளே குறைவில்லை. ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடத்தில் வெளிவந்த சிறு நூல்கள் ஐந்தாறு. கோணேசர் கோயில் தலபுராணமான தட்சிண கைலாச புராணத்தின் பழைய அச்சு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊர்க்காரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி, 1895. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பாடமாக்கிப் பரீட்சை எழுதினோமே தவிர, அதன் பழைய அச்சைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வாசகசாலைக் கணக்கில் 40,000 ரூபாய் இருக்கிறது. மிச்சத்தை உள்ளூரிலும் வெளியிலும் இருப்பவர்கள் சேர்த்துத் தர முடியுமா?

டொரோண்டோ வாசகன் | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். காசு யாருடைய கணக்குக்குப் போகிறது?

நான் சூடு கண்ட பூனை. பல வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்து நூலகத்துக்கு (உங்கள் மாவட்டம் அல்ல) நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து 60 பெட்டி புத்தகம் கப்பலில் அனுப்பினோம். கப்பல் கூலியே புத்தகங்களின் பெறுமதியை எட்டிவிட்டது. மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது ஆசையோடு பார்க்கப் போனேன். பெட்டிகளில் பாதி பிரிக்கப்படவே இல்லை, மண்டபத்து மேடைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. அடியில் இருந்த ஒன்றைத் தூக்கினேன். மேல்பாதி கையோடு வந்தது, கீழ்ப்பாதி தரையிலேயே இருந்தது. கறையான் புற்று. காட்டிக்கொண்டு வந்தவர், "இவற்றை வைக்க அலுமாரிக்கும் உங்களால் உதவ முடியுமா?" என்று கேட்டார். கேட்டதில் பிழை இல்லை. அதை முதலில் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாங்காயூற்று | திங்கள், காலை 7.02

எனக்கு ஒரு சந்தேகம். நூலகம் இணையத்தளம் 2005இல் இருந்து இயங்குகிறது, ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. நான் பல்கலைக்கழகக் கட்டுரை முழுவதையும் கைத்தொலைபேசியில் படித்தே எழுதினேன். மூன்றரை இலட்சம் கொடுத்துப் பழைய தாளை வாங்கிக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்தால் யார் படிக்கப்போகிறார்கள்? அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு 500 புதிய புத்தகம் வாங்கலாமே.

இராமபாணம் | திங்கள், முற்பகல் 11.40

முப்பது வருடத்துக்கு மேல் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புத்தகத்துக்குள்ளேயே வாழ்ந்த பூச்சி என்பதால் வைத்துக்கொண்டது.

மாங்காயூற்றுத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த இணையத்தளத்தில் நீங்கள் படித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் எங்கோ ஓர் அலுமாரியில் ஒரு தாள் பிரதி இருந்தது. யாரோ அதை வாங்கியோ இரந்தோ காப்பாற்றிக் கொடுத்ததால்தான் படம் பிடிக்க முடிந்தது.

உப்புவெளியான் தம்பிக்குச் சில கேள்விகள். அந்த மோகனாங்கியில் முகப்புப் பக்கம் இருக்கிறதா? கடைசிப் பக்கம் இருக்கிறதா? 1895 என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மகள் தனியாக விற்கலாமா, மற்ற இரண்டு பிள்ளைகளின் எழுத்துமூலமான சம்மதம் உண்டா? எந்தப் புத்தகத்திலாவது பாடசாலை முத்திரையோ வேறு நூலகத்தின் முத்திரையோ இருக்கிறதா? இருந்தால் அது விற்கவும் வாங்கவும் கூடாத பொருள், திருப்பிக் கொடுக்க வேண்டியது. இவற்றுக்குப் பதில் வராமல் ஒரு சதமும் சேர்க்காதீர்கள்.

சரவணமுத்துப்பிள்ளையே சென்னையில் நூலகப் பணி பார்த்தவர்தான். இப்படி விசாரிப்பதை அவர் குறை நினைக்கமாட்டார்.

உப்புவெளியான் | திங்கள், இரவு 8.15

ஐயா, நீங்கள் கேட்டதும் வயிற்றில் புளி கரைத்தது. இன்று பின்னேரம் மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

மோகனாங்கிக்கு முகப்புப் பக்கம் இல்லை. கடைசியிலும் சில தாள்கள் இல்லை. 1895 என்பது ஆசிரியர் பென்சிலால் உள்மட்டையில் எழுதி வைத்தது. முத்திரை எதுவும் இல்லை. சகோதரர்களின் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கித் தருவதாக மகள் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு வசதியாக ஒரு கட்டை விறாந்தையில் வைத்திருந்தார்கள். நாங்கள் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே சரசரப்பு. போய்ப் பார்த்தால் ஒரு புள்ளிமான் பழைய பஞ்சாங்கம் ஒன்றை ஆறுதலாக மென்றுகொண்டு நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டீர்கள், கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் ஊரில் கடைத்தெரு வரைக்கும் வரும், கடதாசி என்றால் விடாது.

இராமபாணம் | திங்கள், இரவு 9.30

நினைத்தேன். முகப்பு இல்லாத பிரதியை முதற்பதிப்பு என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. வழி இல்லாமலும் இல்லை. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, பிரித்தானிய இந்தியாவில் அச்சான நூல்களுக்கு மாகாண அரசுகள் காலாண்டுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டன. ஒரு நூலின் அளவு, பக்கங்கள், விலை, எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்பது வரை அதில் இருக்கும். சென்னையில் வெளிவந்த நூலுக்கு அந்தப் பட்டியலில் தேடலாம். அச்செழுத்தின் உருவம், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்பவற்றை, முகப்போடு இருக்கும் வேறொரு பிரதியின் படத்தோடு ஒப்பிடலாம். இதற்கெல்லாம் மாதங்கள் பிடிக்கும். வியாபாரி இரண்டு கிழமைக்குள் முடிக்கப் பார்ப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

அவர் பேசிய மூன்றரை இலட்சத்தில் அந்த ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு, மிச்சத்துக்கு எவ்வளவு என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கிண்ணியாப் பாலம் | செவ்வாய், காலை 6.50

நானும் ஒரு சொல். அரிய நூல் என்று நீங்கள் போட்ட பட்டியலைப் பார்த்தால் கோணேசர் கோயில் மணி ஓசை மட்டும்தான் கேட்கிறது. தவறில்லை, ஆனால் ஊர் அவ்வளவுதானா? ஊசோன் பாலந்தை கதையை 1891இல் எழுதிய இன்னாசித்தம்பியும் திருகோணமலைக்காரர்தான். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் அசன்பே சரித்திரம் சித்திலெவ்வை எழுதியது, 1885. எங்கள் பக்கத்து வீடுகளில் அரபுத்தமிழில் எழுதிய கையேடுகள் இன்னும் இருக்கின்றன. அரபு எழுத்து, தமிழ்ச் சொல். என் மூத்தவாப்பாவின் பெட்டியில் அப்படி இரண்டு இருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் தேதிக்குப் பிறகு பெட்டியே இல்லை.

காசு தருவேன். ஆனால் வாங்கும் பட்டியலில் எங்கள் வீடுகளும் இருக்க வேண்டும்.

உப்புவெளியான் | செவ்வாய், காலை 7.30

நானா, நீங்கள் சொன்னது சரி. நான் பார்த்ததைத்தான் எழுதினேன், ஆனால் நான் எதைப் பார்க்கப் போனேன் என்பதும் ஒரு கேள்விதான். குழுவில் நீங்களும் இருங்கள்.

மூன்றாம் குறுக்கு | செவ்வாய், நண்பகல் 12.18

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஏட்டுச் சுவடிகள் வைத்திருக்கிறார். மருத்துவச் சுவடி, சோதிடச் சுவடி எல்லாம் மலிவு. சேர்க்கும் காசில் கொஞ்சம் அதற்கும் ஒதுக்கலாமே.

இராமபாணம் | செவ்வாய், நண்பகல் 12.55

வேண்டவே வேண்டாம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டு கடந்த, வரலாற்று அல்லது இலக்கியப் பெறுமதி உள்ள கையெழுத்துச் சுவடி தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுவர முடியாது. பயணப் பைக்குள் சுற்றிக் கொண்டுவரும் சுவடியை எந்த நூலகமும் பதிவேட்டில் ஏற்றக்கூடாது. மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

உப்புவெளியான் | புதன், இரவு 10.05

இன்று நடந்ததைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் விலையைப் பிரித்துக் கேட்டேன். வியாபாரிக்குத் தொலைபேசி எடுத்தார். மோகனாங்கிக்கும் நாவலர், தாமோதரம்பிள்ளை பதிப்புகளுக்கும் மட்டும் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம். மிச்சம் நூற்றுச் சொச்சப் புத்தகத்துக்கும் சேர்த்து எழுபதாயிரம். "கட்டிலுக்குக் கீழே இருக்கும் தகரப் பெட்டி கணக்கில் இல்லை, அது குப்பை, வேண்டுமானால் எரித்துவிடுங்கள்" என்றாராம்.

என்ன பெட்டி என்று கேட்டேன். இழுத்துத் திறந்தோம். பூண்டு போல ஒரு மணம். மேலே வேப்பிலைச் சருகு, அதன் கீழே நூல்கட்டிய கடதாசிக் கட்டுகள். எல்லாம் கல்வெட்டுகள்! வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கல்லில் வெட்டியது அல்ல. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம். தேவாரம், இறந்தவரின் படம், வரலாறு, வம்சாவளி, ஒப்பாரிப் பாட்டு. ஆசிரியர் தாம் போன ஒவ்வொரு செத்தவீட்டின் கல்வெட்டையும் திகதி குறித்து அடுக்கி வைத்திருக்கிறார். எண்ணினேன், 212. அவற்றுக்கு அடியில் கோயில் திருவிழா அறிவித்தல்கள், நாடக நோட்டீசுகள், இப்போது இல்லாத ஒரு வாசிகசாலையின் ஆண்டறிக்கை, பாடசாலைச் சஞ்சிகைகள்.

ஒன்றைப் பிரித்தேன். ஊரில் அச்சடித்தது, பதினாறு பக்கம், மட்டை மெல்லிய நீலக் கடதாசி. ஆணி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் இரண்டு கபில நிறக் கண் போலப் பொத்தல். இறந்தவர் ஒரு மீனவக் குடும்பத் தலைவர். 1964 டிசம்பர்ச் சூறாவளியன்று இரவு அவருடைய வள்ளத்தைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் மூன்று வீடு தள்ளி ஒரு மாமரத்தில் வைத்ததும், அடுத்த நாள் அவர் அந்த மரத்தின் கீழ் இருந்தே வலை பொத்தியதும் எட்டு வரியில் இருக்கின்றன. பின்மட்டையில் ஆசிரியரின் பென்சில் எழுத்து: "வள்ளம் பற்றியது மெய். நானும் பார்த்தேன்."

எனக்கு மோகனாங்கி மறந்துபோய்விட்டது.

இராமபாணம் | புதன், இரவு 10.40

தம்பி, அந்தப் பெட்டியை இன்றிரவே நிலத்திலிருந்து தூக்கி மேசையில் வையுங்கள். நாளை பேசுவோம்.

இராமபாணம் | வியாழன், காலை 6.15

நித்திரை வரவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் வேலையில் இருந்த காலத்தில் செய்த பெரிய பிழை ஒன்றைச் சொல்கிறேன். நன்கொடையாக வரும் கட்டுகளில் புத்தகங்களை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவோம், இந்த மாதிரிச் சிறு பிரசுரங்களைப் பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துப் போடுவோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் இவற்றை எங்கே வைப்பது என்று தலையைச் சொறிய நேரமில்லை. கலித்தொகையின் 1887ஆம் ஆண்டுப் பதிப்பு சென்னையிலும் இருக்கிறது, இலண்டனிலும் இருக்கிறது. அந்த மீனவரின் கல்வெட்டு எத்தனை பிரதி அச்சடித்திருப்பார்கள்? செத்தவீட்டுக்கு வந்தவர்களின் கணக்குக்கு. அதில் எத்தனை மிஞ்சியிருக்கும்? வம்சாவளி தேடும் பிள்ளைக்கும், பழைய தெருப் பெயர் தேடுபவருக்கும், சூறாவளியைப் பற்றி எழுதுபவருக்கும் அதை விட்டால் வேறு சாட்சி இல்லை. நூலகம் இணையத்தளம் நினைவு மலர்களைத் தனி வகையாகவே சேர்க்கிறது, காரணத்தோடுதான்.

என் யோசனை: வியாபாரி அந்த இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துச் சரக்கைக் கொண்டுபோகட்டும். நாம் மிச்சத்தையும் பெட்டியையும் வாங்குவோம்.

தமிழ் ரீச்சர் | வியாழன், பிற்பகல் 2.20

ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கு இது ஒப்பவில்லை. சரவணமுத்துப்பிள்ளை பிறந்த ஊரில் அவருடைய நாவலின் பழைய அச்சு ஒன்றுகூட இல்லை, வந்த ஒன்றையும் நாமே கொழும்புக்கு அனுப்பினோம் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? முகப்பு இல்லாவிட்டால் என்ன? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்தத் தாளைத் தொட்டுப் பார்க்கும்போது வரும் கிளர்ச்சி முகப்பைக் கேட்டு வருமா? அண்ணன் தம்பி இருவரும், கனகசுந்தரம்பிள்ளையும் இவரும், இந்த ஊர் மண்ணில் நடந்தவர்கள். என் ஒரு மாதச் சம்பளத்தைத் தருகிறேன்.

இராமபாணம் | வியாழன், பிற்பகல் 3.05

ரீச்சர், உங்கள் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. (அவர் பிறந்ததும் சம்பந்தர் பிறந்த சீர்காழியில்தான். திருக்கோணமலைப் பதிகம் பாடியவரின் ஊர்க்காரர் என்று நான் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்பதுண்டு.) உங்கள் பிள்ளை தொட்டுப் பார்ப்பதும் பயன்பாடுதான். ஆனால் இருக்கும் காசில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், நான் பெட்டியை எடுப்பேன்.

டொரோண்டோ வாசகன் | வியாழன், இரவு 9.00

இடையில் ஒரு வழி இருக்கிறது. மோகனாங்கி இன்னும் மகளின் சொத்து. விற்பதற்கு முன் அவருடைய சம்மதத்தோடு முழுவதையும் படம் பிடித்துவிடலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி நூலாசிரியர் இறந்து 70 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை இல்லை. சரவணமுத்துப்பிள்ளை இறந்து நூறு ஆண்டுக்கு மேல். வியாபாரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

காசுக்கு வருகிறேன். நான் 75,000 ரூபாய் அனுப்புகிறேன். அதில் பாதி அலுமாரிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரை எங்கும் பொறிக்க வேண்டாம். மூன்று பேர் ஒப்பமிடும் கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டின் படம் இந்த இழையிலேயே.

மாங்காயூற்று | வியாழன், இரவு 9.12

படம் பிடிக்க நான் வருகிறேன். என்னிடம் கமரா இருக்கிறது. முதல் நாள் எழுதியதை முழுதாக வாபஸ் வாங்கவில்லை, பாதி வாங்குகிறேன்.

இராமபாணம் | வெள்ளி, காலை 8.30

நல்லது தம்பி. புத்தகத்தைக் கவிழ்த்து நகலெடுக்கும் இயந்திரத்தில் அழுத்தாதீர்கள், முதுகு முறியும். மேலிருந்து எடுங்கள், புத்தகத்தை முழுதாக விரிக்காமல் இரு பக்கமும் தலையணை வைத்து. 1900ஐ அண்டியும் அதற்குப் பிறகும் வந்த மரக்கூழ்த் தாள், அதற்கு முந்திய கந்தல்துணித் தாளைவிட விரைவாக நொறுங்கும். புதியதுதானே என்று கல்வெட்டுகளை அலட்சியமாகப் புரட்டிவிடாதீர்கள். செலோடேப் பக்கமே போகக்கூடாது. சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். பொலித்தீன் உறை போட்டுச் சூடாக ஒட்டுவதும் வேண்டாம். துருப்பிடித்த ஆணியை மெதுவாகக் கழற்றிப் பருத்தி நூலால் தைக்கலாம், அதை நான் காட்டித் தருகிறேன். பூச்சி உருண்டை போட வேண்டாம், வாசிப்பவரின் மூக்குக்குக் கேடு.

அலுமாரி விடயம். கடலில் இருந்து நம் வாசகசாலை எத்தனை யார் தூரம்? வெறும் இரும்பு என்றால் உப்புக் காற்றில் இரண்டு மாரிக்குள் செதிள் செதிளாக உதிரும். பூச்சுப் பூசிய உருக்கு அலுமாரி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, கீழ்த்தட்டு முழங்கால் உயரத்துக்கு மேல். கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் காலத்தில் யன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள், வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கியதும் மூடுங்கள். குளிரூட்டியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவதைவிடப் போடாமலே இருப்பது நல்லது. குளிர்ந்து சூடாகும்போதுதான் தாள் வியர்க்கும்.

கிண்ணியாப் பாலம் | வெள்ளி, காலை 9.45

யாழ்ப்பாணத்தில் 1981இல் எரிந்தது 97,000 நூல்கள் என்பார்கள். வேறெங்கும் பிரதி இருந்தவை திரும்பி வந்தன, இல்லாதவை போனதுதான். எடுக்கும் படங்களில் ஒரு தொகுதி ஊருக்கு வெளியிலும் இருக்கட்டும். என் பங்கு 15,000 ரூபாய். எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டில் பேசிவிட்டேன். விற்கமாட்டார்கள், படம் எடுக்க விடுவார்கள்.

உப்புவெளியான் | சனி, இரவு 7.50

முடிந்தது. மகள் சம்மதித்துவிட்டார், சகோதரர்களின் கடிதங்களும் வந்துவிட்டன. பெட்டிக்குக் காசு வேண்டாம் என்றார். இராமபாணம் ஐயா விடவில்லை, "இனாமாக வாங்கினால் குப்பை என்று ஆகிவிடும், விலை போட்டே பதிவோம்" என்று 5,000 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு எழுதவைத்தார். மிச்சப் புத்தகங்களுக்கு 70,000. மோகனாங்கி அடுத்த வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகிறது. ரீச்சர் இன்னும் என்னோடு கோபமாகத்தான் இருக்கிறார், ஆனால் படம் எடுக்கும்போது பக்கம் புரட்டத் தாமே வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

தட்சிண கைலாச புராணம் நம்மிடம் நின்றுவிட்டது. வியாபாரி அதைத் தன் பட்டியலில் எடுக்கவே இல்லை, ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

நாளை காலை ஒன்பது மணிக்கு வாசகசாலையில் கூடுவோம். திறப்பு என்னிடம் இருக்கிறது. 212 கல்வெட்டுகளுக்கும் சேர்க்கை இலக்கம் போட வேண்டும், கையெழுத்து நன்றாக உள்ளவர்கள் இரண்டு பேர் தேவை. பேனை வேண்டாம், பென்சில் கொண்டுவாருங்கள். வாசல் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும். இன்று பின்னேரமும் அந்த மான் மதிலடியில் நின்றது.